பெரியவர்களுக்கு ஏடிஹெச்டி: டாக்டரிடம் போகும் முன் எதைக் கவனிப்பது?

கரண்ட் பில் கட்ட அக்கவுண்டில் பணம் இருக்கிறது. போன் கையில்தான் இருக்கிறது, இரண்டு நிமிட வேலை, கடைசித் தேதியும் தெரியும். ஆனாலும் ஒவ்வொரு தடவையும் ஃபியூஸைப் பிடுங்க ஆள் வந்து நின்ற பிறகுதான் கட்டுகிறீர்கள். இதற்குச் சோம்பேறித்தனம் என்று பெயர் வைத்துக்கொண்டே பலர் நாற்பது வயதைத் தாண்டிவிடுகிறார்கள். இது ஏடிஹெச்டியாகவும் இருக்கலாம்: கவனத்தையும் துறுதுறுப்பையும் கட்டுக்குள் வைக்க முடியாத, சிறு வயதிலேயே தொடங்கும் மூளை வளர்ச்சி சார்ந்த குறைபாடு.

"பிடிச்ச வேலைன்னா மட்டும் அஞ்சு மணி நேரம் உக்கார முடியுதே?" என்று வீட்டில் கேட்பார்கள். நியாயமான கேள்விதான். ஏடிஹெச்டி உள்ளவரிடம் கவனம் இல்லாமல் இல்லை. நினைத்த வேலையில் அதை நிலைநிறுத்த முடிவதில்லை. ஆர்வமோ கடைசி நேர நெருக்கடியோ இருந்தால் தானாக வரும், "செய்தாக வேண்டும்" என்பதற்காக மட்டும் வராது. அதனால் பிடித்த வேலையை வைத்துச் சோதிக்காதீர்கள், சலிப்பான வேலையை வைத்துப் பாருங்கள்.

உலக சுகாதார நிறுவனத்தின் ஏஎஸ்ஆர்எஸ் கேள்வித்தாளில் முதல் ஆறு கேள்விகள் முக்கியம். கடந்த ஆறு மாதத்தை நினைத்துப் பதில் சொல்லுங்கள். கடினமான பகுதியை முடித்துவிட்டுக் கடைசிச் சில்லறை வேலையில் நிற்பது, ஒழுங்குபடுத்திச் செய்ய வேண்டிய வேலையில் திணறுவது, ஒப்புக்கொண்டதை மறப்பது: இந்த மூன்றும் 'சில நேரம்' இருந்தாலே கணக்கில் வரும். யோசித்துச் செய்யும் வேலையைத் தள்ளிப்போடுவது, உட்கார்ந்த இடத்தில் கை கால் துறுதுறுவென்று இருப்பது, உள்ளே மோட்டார் ஓடுவது போன்ற பரபரப்பு: இவை 'அடிக்கடி' இருந்தால்தான். ஆறில் நான்கு தேறினால் முழுப் பரிசோதனைக்குப் போகலாம். இதை வைத்தே நோய் என்று முடிவு கட்டிவிடக் கூடாது.

ஏனென்றால் நிஜமான கேள்வி வேறு: எப்போதிலிருந்து? 2013-இல் வந்த டிஎஸ்எம்-5 (அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் நோய் கண்டறியும் கையேடு) விதிப்படி, அறிகுறிகளில் பல 12 வயதுக்கு முன்பே தெரிந்திருக்க வேண்டும்; வீடு, வேலை என்று இரண்டு இடங்களிலாவது வாழ்க்கையைப் பாதிக்க வேண்டும். போன வருடம் தொடங்கிய மறதி என்றால் தூக்கக்குறைவு, குறட்டையோடு வரும் மூச்சுத்திணறல், தைராய்டு, மனச்சோர்வு ஆகியவற்றை முதலில் பாருங்கள். ஏடிஹெச்டியை மனப்பதற்றத்தோடும் குழப்பிக்கொள்வதுண்டு. பதற்றத்தில் மனம் ஒரே கவலையைச் சுற்றும். ஏடிஹெச்டியில் சம்பந்தமில்லாமல் எங்கெங்கோ தாவும்.

பெண்கள் விஷயத்தில் கூடுதல் கவனம் தேவை. வகுப்பில் ஓடாமல் ஆடாமல் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்த சிறுமியை யாரும் டாக்டரிடம் கூட்டிப்போவதில்லை.

மனநல மருத்துவரிடம் போகும்போது பழைய ரேங்க் கார்டுகளைத் தேடி எடுத்துப் போங்கள். "புத்திசாலி, கவனம் போதாது" என்று ஆசிரியர் எழுதிய ஒரு வரி பெரிய சாட்சி. சின்ன வயதில் உங்களைப் பார்த்த அம்மாவையோ அக்காவையோ அழைத்துப் போங்கள். சிறுவயது நினைவு நம்மையே ஏமாற்றும். இரண்டு வாரம் எதை மறந்தீர்கள், அதனால் என்ன நஷ்டம் என்று தேதியோடு எழுதி வையுங்கள். வீட்டில் யாருக்காவது பைபோலார் (மனம் மிகை உற்சாகத்துக்கும் சோர்வுக்கும் மாறி மாறிப் போகும் நோய்), இதய நோய் இருந்தால் கட்டாயம் சொல்லுங்கள், மருந்தைத் தேர்ந்தெடுப்பது அதைப் பொறுத்தது. ரத்தப் பரிசோதனையாலோ ஸ்கேனாலோ ஏடிஹெச்டியைக் கண்டுபிடிக்க முடியாது. வேறு காரணங்களை விலக்கத்தான் ரத்தப் பரிசோதனை. எங்கே போவது என்று தெரியாவிட்டால் அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416-இல் தமிழிலேயே இலவசமாகக் கேட்கலாம்.

ஏடிஹெச்டிக்குக் கொடுக்கும் மெத்தில்ஃபெனிடேட் மாத்திரையை நண்பரிடம் வாங்கிப் போட்டுப் பார்க்காதீர்கள். நோய் இல்லாதவருக்கும் அது விழிப்பைக் கூட்டும், ஆகவே 'வேலை செய்தது' என்பது எதையும் நிரூபிக்காது. நாடித்துடிப்பும் பிபியும் ஏறும்.

"டிகிரி முடிச்சு வேலையில இருக்கீங்களே, உங்களுக்கு எப்படி?" என்று டாக்டரே கேட்டால் கூசிப்போய்த் திரும்பிவிடாதீர்கள். ஒவ்வொரு பரீட்சைக்கும் கடைசி ராத்திரி மட்டும் படித்ததையும், எட்டு மணி நேர வேலைக்குப் பன்னிரண்டு மணி நேரம் செலவழிப்பதையும் அப்படியே சொல்லுங்கள்.