உள்ளே இருப்பதை முதலில் புஷ் பண்ணுங்கள்

கோயம்புத்தூரில் பம்ப் கன்ட்ரோலர் செய்யும் ஒரு சின்னக் கம்பெனியில் ஃபர்ம்வேர், அதாவது கருவிக்குள்ளேயே ஓடும் மென்பொருள், எழுதுவது என் வேலை. கோடையும் அதன் மாற்றங்களையும் கிட் என்ற மென்பொருள் பதிந்து வைக்கும் இடம்தான் ரெப்போ. எங்கள் மெயின் ரெப்போவுக்குள் மோட்டார் லைப்ரரி ஒரு தனி ரெப்போ. மூன்று மாடல்களுக்கும் அதே லைப்ரரிதான். அதற்குள், கருவிகள் ஒன்றோடொன்று பேச உதவும் மாட்பஸ் முறைக்கான கோடு இன்னொரு ரெப்போ. ஆக மூன்று அடுக்கு. இப்படி ரெப்போவுக்குள் வைக்கும் ரெப்போதான் சப்மாட்யூல். கிட் சப்மாட்யூல் என்றாலே பாதிப் பேர் முகம் சுளிப்பார்கள். நானும் சுளித்தவள்தான்.

ஒரு சனிக்கிழமை, பொள்ளாச்சியில் வளைகாப்புப் பந்தியில் உட்கார்ந்திருக்கிறேன். ஆபீஸிலிருந்து ஜூனியர் பையன் போன் பண்ணினான். "அக்கா, நேத்து நீங்க போட்டதை எடுக்கவே முடியலைங்க்கா. 'நாட் அவர் ரெஃப்'னு சொல்லி நின்னுக்குது." இலையைப் பார்த்தபடியே எனக்கு விஷயம் புரிந்துவிட்டது. மாட்பஸ் ரெப்போவில் ஒரு திருத்தம் செய்து கமிட் பண்ணியிருந்தேன், அதாவது என் மெஷினில் பதிந்திருந்தேன். பிறகு மோட்டார் லைப்ரரியில் கமிட், பிறகு மெயினில் கமிட். புஷ் பண்ணியது, அதாவது சர்வருக்கு அனுப்பியது, மேலே உள்ள இரண்டை மட்டும். மாட்பஸ் கமிட் என் லேப்டாப்பில் இருந்தது, லேப்டாப் வீட்டு பீரோவில் இருந்தது. திங்கட்கிழமை காலைவரை அவன் பழைய கமிட்டை வைத்தே ஓட்டினான்.

வெளி ரெப்போ உள் ரெப்போவின் ஃபைல்களைத் தன்னிடம் வைத்துக்கொள்வதில்லை. அந்த ஃபோல்டர் இருக்கும் இடத்தில் 40 எழுத்து நீளமுள்ள ஒரு கமிட் ஐடியை மட்டும் குறித்து வைக்கிறது. கிட் எல்எஸ்-ட்ரீ ஹெட் என்று அடித்துப் பாருங்கள்: சாதா ஃபைலுக்கு முன்னால் 100644 இருக்கும், சப்மாட்யூலுக்கு முன்னால் 160000 இருக்கும். உள் ரெப்போ எந்த முகவரியில் கிடைக்கும் என்பது தனியாக, புள்ளியில் தொடங்கும் கிட்மாட்யூல்ஸ் என்ற ஃபைலில் இருக்கிறது. கோயில் வாசலில் செருப்பு ஸ்டாண்டில் தரும் டோக்கன் மாதிரிதான் அந்தக் கமிட் ஐடி. நான் செய்தது, செருப்பை ஸ்டாண்டில் விடாமல் டோக்கனை மட்டும் பையன் கையில் கொடுத்தது.

அதனால் வரிசை ஒன்றே ஒன்றுதான்: ஆக உள்ளே இருப்பதில் கமிட், புஷ். ஒரு படி வெளியே வந்து, அந்த ஃபோல்டரை கிட் ஆட் செய்து கமிட், புஷ். அப்புறம் மெயினில் அதே மாதிரி. இதை நினைவில் வைத்துச் செய்யலாம் என்று நம்பாதீர்கள். கிட் கான்ஃபிக்கில் குளோபலாக, புஷ்.ரிகர்ஸ்சப்மாட்யூல்ஸ் என்பதற்கு செக் என்று மதிப்புக் கொடுங்கள். உள்ளே புஷ் ஆகாத கமிட் இருந்தால் வெளி ரெப்போவின் புஷ்ஷை கிட் மறுத்துவிடும். செக்குக்குப் பதிலாக ஆன்-டிமாண்ட் கொடுத்தால் உள்ளே இருப்பதையும் அதுவே புஷ் பண்ணும். எனக்கு அது பிடிப்பதில்லை. எது போகிறது என்று கண்ணால் பார்த்து அனுப்பிப் பழக்கம்.

அடுத்த குழி புஷ்ஷில் இல்லை, சர்வரில் இருக்கும் மாற்றங்களை நம் மெஷினுக்கு இழுக்கும் 'புல்'லில். கிட் புல் அடித்தால் வெளி ரெப்போவில் குறித்த ஐடி புதிதாகும். ஆனால் உள் ஃபோல்டர் பழைய கமிட்டிலேயே நிற்கும். உடனே கிட் ஸ்டேட்டஸ், நீங்கள் தொடவே தொடாத ஃபோல்டரை மாறிவிட்டதாகக் காட்டும். இந்த இடத்தில்தான் கை தானாக, மாறியது எல்லாவற்றையும் சேர்க்கும் 'கிட் ஆட் புள்ளி' அடித்துவிடுகிறது. அடித்து கமிட் பண்ணினால், இன்னொருவர் நேற்று முன்னேற்றி வைத்ததை நீங்கள் சத்தமில்லாமல் பின்னால் இழுத்துவிட்டீர்கள். எங்களிடம் சரிசெய்த ட்ரை-ரன் (தண்ணீர் இல்லாமல் பம்ப் ஓடுவது) பிழை ஒன்று இரண்டு தடவை உயிர்த்தெழுந்து வந்தது இப்படித்தான். புல் முடிந்ததும், வேறு எதைத் தொடுவதற்கும் முன்னால், கிட் சப்மாட்யூல் அப்டேட் அடியுங்கள். கூடவே இனிட், ரிகர்சிவ் இரண்டு ஆப்ஷனும் போடுங்கள். ரிகர்சிவ் இல்லாவிட்டால் மோட்டார் லைப்ரரி வரும், அதற்குள் மாட்பஸ் ஃபோல்டர் காலியாகக் கிடக்கும்.

சந்தேகம் வந்தால் கிட் சப்மாட்யூல் ஸ்டேட்டஸ், ரிகர்சிவோடு. வரியின் முதல் எழுத்தைப் பாருங்கள். கூட்டல் குறி என்றால் குறித்த கமிட் ஒன்று, உள்ளே நிற்கும் கமிட் வேறு. கழித்தல் குறி என்றால் இன்னும் இறக்கவே இல்லை. ஒன்றும் இல்லாமல் இடைவெளி மட்டும் இருந்தால் எல்லாம் சரி.

ரிகர்சிவ் எல்லா இடத்திலும் மருந்தல்ல. ராஸ்பெரி பை பிகோ என்ற சின்ன போர்டின் எஸ்டிகே-யை, அதாவது அதற்கு ஃபர்ம்வேர் எழுத உதவும் கோடு தொகுப்பை, நாங்களும் பயன்படுத்துகிறோம். அதற்குள் டைனியூஎஸ்பி என்ற யூஎஸ்பி லைப்ரரி ஒரு சப்மாட்யூல். அந்த டைனியூஎஸ்பிக்குள் வேறு வேறு கம்பெனி சிப்களுக்கான ரெப்போக்கள் வரிசையாக இருந்த காலம் உண்டு. நாங்கள் தொடவே போகாத சிப்களுக்கெல்லாம் ஆபீஸ் நெட்டைக் கொடுத்துவிட்டு டீ குடிக்கப் போயிருக்கிறேன். மற்றவர்களின் எஸ்டிகே என்றால் அதன் ஃபோல்டருக்குள் போய், ரிகர்சிவ் இல்லாமல் ஒரே ஒரு அடுக்கு மட்டும் இறக்குங்கள்.

உள்ளே கோடு மாற்றப் போகிறீர்களா? அப்டேட் முடிந்த பிறகு உள் ரெப்போ எந்தக் கிளையிலும் (பிராஞ்ச்) இருக்காது. டீட்டாச்டு ஹெட் என்பார்கள். அப்படியே கமிட் பண்ணினால் பண்ணவிடும். அடுத்த அப்டேட்டில் அந்த கமிட் பார்வையிலிருந்து மறைந்துவிடும். முதலில் கிட் ஸ்விட்ச், சின்ன சி ஆப்ஷன், ஒரு கிளைப் பெயர். அதற்குப் பிறகே எடிட்டரைத் திறங்கள். ஏற்கெனவே மறைந்துவிட்டதென்றால் பதற வேண்டாம். உள் ஃபோல்டருக்குள் நின்று, அந்த ரெப்போ இதுவரை நின்ற கமிட்களைக் காட்டும் கிட் ரெஃப்லாக் அடித்தால் உங்கள் கமிட் பட்டியலில் இருக்கும். அந்த ஐடிக்கு கிட் பிராஞ்ச் போட்டுப் பிடித்துக்கொள்ளலாம். கிளை இல்லாத கமிட்டின் ரெஃப்லாக் குறிப்பை கிட் சாதாரணமாக 30 நாள் வைத்திருக்கும். ஒரு மாத லீவுக்குக் கிளம்புவதற்கு முன்னால் தேடிவிடுங்கள்.

சப்மாட்யூலாகச் சேர்க்காமல், உள்ளே ஒரு ரெப்போவை வெறுமனே க்ளோன் செய்துவிட்டு கிட் ஆட் பண்ணுபவர்கள் உண்டு. கமிட் ஐடி பதிவாகும், முகவரி எங்கேயும் இருக்காது. மற்றவர்களுக்கு வெறும் ஃபோல்டர் போகும். 2017-இல் வந்த 2.14 பதிப்பிலிருந்து கிட் இதற்கு எச்சரிக்கை காட்டுகிறது, படிப்பவர்தான் இல்லை. மருந்து: கிட் ஆர்எம், கேஷ்டு ஆப்ஷனோடு. ஃபைல்கள் அழியாது, குறிப்பு மட்டும் போகும். பிறகு கிட் சப்மாட்யூல் ஆட், முகவரி, அதே ஃபோல்டர் பெயர். அங்கே இருக்கும் ரெப்போவையே எடுத்துக்கொள்ளும்.

உள் ரெப்போ வேறு சர்வருக்குக் குடிபெயர்ந்தால் கிட்மாட்யூல்ஸ் ஃபைலில் முகவரியை மாற்றினால் மட்டும் போதாது. ஒவ்வொருவரும் தம் மெஷினில் கிட் சப்மாட்யூல் சிங்க் ஒருமுறை அடிக்க வேண்டும், ரிகர்சிவோடு.

வேண்டாத சப்மாட்யூலை எடுக்க: கிட் சப்மாட்யூல் டீஇனிட், பிறகு கிட் ஆர்எம், கமிட். அதற்கப்புறமும் மெயின் ரெப்போவின் புள்ளி-கிட் ஃபோல்டருக்குள், மாட்யூல்ஸ் என்ற இடத்தில் அதன் பழைய உடம்பு கிடக்கும். என்றைக்காவது அதே பெயரில் வேறொன்றைச் சேர்க்கப் போனால் 'இங்கே ஏற்கெனவே ஒன்று இருக்கிறது' என்று கிட் மறிக்கும். அந்த ஃபோல்டரில் புஷ் ஆகாதது எதுவும் இல்லை என்று பார்த்துவிட்டு, கையாலேயே நீக்கிவிடுங்கள்.