கட்சி இல்லாமல் சட்டமன்றத் தேர்தலில் நிற்பது எப்படி: கிராமத்து இளைஞர்களுக்கு

2021 தமிழ்நாடு சட்டமன்றத் தேர்தலின் தேதிகளை முதலில் பாருங்கள். மார்ச் 12 அறிவிக்கை, 19 மனுத்தாக்கலுக்குக் கடைசி நாள், 20 பரிசீலனை. 22ஆம் தேதி பிற்பகல் மூன்று மணிக்கு வாபஸ் முடிந்த பிறகுதான் சுயேச்சைகளுக்குச் சின்னம். ஏப்ரல் 4 மாலை ஏழு மணிக்குப் பிரசாரம் ஓய்ந்தது, 6ஆம் தேதி ஓட்டுப்பதிவு. ஆக, சின்னத்தைக் காட்டி ஓட்டுக் கேட்கச் சுயேச்சைக்குக் கிடைத்தது 13 நாள். பெரிய கட்சிக்காரரோ தாத்தா காலத்திலிருந்து ஊருக்குத் தெரிந்த சின்னத்தோடு வருகிறார். அந்த 13 நாளில் அரை நாளைக்கூடக் காகித வேலைக்குக் கொடுக்க முடியாது. அதனால் காகிதம் எல்லாம் அறிவிக்கைக்கு முன்பே முடிந்திருக்க வேண்டும்.

முன்கூட்டியே முடிக்க வேண்டியவை

பரிசீலனை நாளன்று உங்களுக்கு 25 வயது நிறைந்திருக்க வேண்டும். மனு கொடுக்கும் நாள் கணக்கில் வராது. வாக்காளர் பட்டியலில் வயது குறைவாக ஏறியிருந்தால் படிவம் 8 கொடுத்து இப்போதே திருத்துங்கள். பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்றும் கையில் இருக்கட்டும்.

மாநிலத்தில் எந்தத் தொகுதியில் ஓட்டு இருந்தாலும் எந்தப் பொதுத் தொகுதியிலும் நிற்கலாம். திருப்பூருக்கு வேலைக்குப் போனவர் ஓட்டையும் அங்கே மாற்றியிருப்பார், நிற்க நினைப்பதோ சொந்த ஊரில். தடையில்லை. ஆனால் பட்டியலில் தன் பெயர் உள்ள பக்கத்தின் சான்றிட்ட நகலை, ஓட்டு உள்ள தொகுதியின் வாக்காளர் பதிவு அலுவலரிடம் வாங்கி மனுவோடு வைக்க வேண்டும். 234 தொகுதிகளில் 44 பட்டியல் சாதியினருக்கும் 2 பழங்குடியினருக்கும் ஒதுக்கப்பட்டவை. அங்கே நிற்கச் சாதிச் சான்று கட்டாயம்.

அரசு வேலையில் இருப்பவர்கள் ராஜினாமா ஏற்கப்பட்ட உத்தரவைக் கையில் வாங்காமல் மனுப் போட வேண்டாம். மாநில அரசோடு ரோடு, கட்டட ஒப்பந்தம் எடுத்து வேலை பாக்கி இருந்தாலும் தகுதி போய்விடும். வேலையை முடித்துவிட்டு பில் பணத்துக்காகக் காத்திருப்பவருக்குப் பிரச்சினை இல்லை.

தேர்தல் செலவுக்கென்று தனி வங்கிக் கணக்கு வேண்டும். மனு கொடுப்பதற்குக் குறைந்தது ஒரு நாள் முன்பாவது தொடங்கியிருக்க வேண்டும். தேர்தல் முகவரோடு கூட்டுக் கணக்காகத் தொடங்கலாம், குடும்பத்தாரோடு சேர்த்துத் தொடங்கக் கூடாது.

அதிக நேரம் பிடிப்பது படிவம் 26, அதாவது பிரமாணப் பத்திரம். உங்கள் சொத்து, மனைவி அல்லது கணவர் சொத்து, உங்களைச் சார்ந்திருப்பவர்கள் சொத்து எல்லாம் அதில் வர வேண்டும். கூட்டுப் பட்டாவில் உங்கள் பங்கு எவ்வளவு, சர்வே எண் என்ன, நகை எத்தனை கிராம், கூட்டுறவுச் சங்கத்தில் நகைக்கடனும் பயிர்க்கடனும் எவ்வளவு நிற்கிறது என்பதெல்லாம் தேவை. ஒரு கட்டத்தையும் காலியாக விடாதீர்கள், கோடும் போடாதீர்கள். 'இல்லை' அல்லது 'பொருந்தாது' என்று எழுதுங்கள். காலிக் கட்டத்தைச் சுட்டிக்காட்டிய பிறகும் நிரப்பாவிட்டால் மனுவைத் தள்ளலாம் என்று 2013இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஒவ்வொரு பக்கத்திலும் உங்கள் கையெழுத்தும் நோட்டரி முத்திரையும் இருக்க வேண்டும்.

தண்ணீர் வரவில்லை என்று சாலை மறியல் செய்தபோது போட்ட வழக்கைப் பலர் மறந்தே போயிருப்பார்கள். முதல் தகவல் அறிக்கை எண்ணோடு அதையும் எழுத வேண்டும். வழக்கு நிலுவையில் இருந்தால், வாபஸ் நாளுக்கும் பிரசார முடிவுக்கும் இடையே மூன்று தடவை நாளிதழிலும் தொலைக்காட்சியிலும் விளம்பரம் தர வேண்டும். அதற்கான பணத்தை முதலிலேயே ஒதுக்கி வையுங்கள்.

பத்துப் பேர் கையெழுத்து

அங்கீகரிக்கப்பட்ட கட்சியின் வேட்பாளருக்கு ஒருவர் முன்மொழிந்தால் போதும், சுயேச்சைக்குப் பத்துப் பேர் வேண்டும். இந்த விதி வரக் காரணங்களில் நம் ஊரும் ஒன்று. 1996இல் ஈரோடு பக்கம் மொடக்குறிச்சியில் விவசாயிகள் கூட்டம் கூட்டமாக மனுப் போட்டு, 1,033 பேர் களத்தில் நின்றார்கள். வாக்குச்சீட்டைப் புத்தகமாக அச்சடிக்க வேண்டியதாயிற்று. அதே ஆண்டில் சட்டத்தைத் திருத்தி, 250 ரூபாயாக இருந்த டெபாசிட்டை 5,000 ஆக்கினார்கள், பத்துப் பேர் விதியையும் கொண்டுவந்தார்கள். இப்போது டெபாசிட் 10,000. பட்டியல் சாதி, பழங்குடி வேட்பாளருக்கு 5,000.

பத்துப் பேரும் நீங்கள் நிற்கும் தொகுதியின் வாக்காளர்களாக இருக்க வேண்டும். பக்கத்து ஊர் மச்சான் அடுத்த தொகுதிக்காரராக இருக்கலாம். தொகுதி எல்லை ஊராட்சி ஒன்றிய எல்லையைப் பார்த்து ஓடுவதில்லை. அதனால் ஒவ்வொருவரின் பாகம் எண்ணையும் வரிசை எண்ணையும் புதிய பட்டியலில் பார்த்தே எழுதுங்கள். பழைய அடையாள அட்டையின் பின்பக்கத்தை நம்ப வேண்டாம்.

கைநாட்டு வைக்கும் பெரியவர்களை அன்பின் பேரில் சேர்ப்பது வழக்கம். வீட்டில் வைத்த கைநாட்டு செல்லாது. தேர்தல் நடத்தும் அலுவலர் முன்போ, அதற்கென அதிகாரம் பெற்ற அலுவலர் முன்போ வைத்து, அவர் சான்றிட வேண்டும். முடிந்தவரை கையெழுத்துப் போடத் தெரிந்தவர்களையே பிடியுங்கள்.

அடுத்த ஆபத்து, முன்மொழிந்தவரே பின்வாங்குவது. 2017 ஆர்.கே. நகர் இடைத்தேர்தலில் நடிகர் விஷாலின் மனு தள்ளுபடியானதற்குக் காரணம், முன்மொழிந்தவர்களில் இருவர் அது தங்கள் கையெழுத்தே இல்லை என்று சொன்னதுதான். கிராமத்தில் இந்த அழுத்தம் கூடுதலாக இருக்கும். கடன் கொடுத்தவர், சாதிப் பெரியவர், ஒன்றியச் செயலாளர் என்று யார் வேண்டுமானாலும் வீட்டு வாசலில் வந்து நிற்கலாம். ஒருவர் நான்கு மனுக்கள் வரை கொடுக்கலாம், டெபாசிட் ஒன்றே போதும். எனவே குறைந்தது இரண்டு மனுக்கள், இரண்டிலும் வேறு வேறு பத்துப் பேர். ஒன்று விழுந்தாலும் மற்றது நிற்கும். பரிசீலனை நாளில் எல்லோரும் கூப்பிட்டால் வரும் தூரத்தில் இருக்கட்டும்.

மனுத்தாக்கல்

நேரம் காலை 11 முதல் பிற்பகல் 3 வரை, அரசு விடுமுறை நாட்களில் கிடையாது. அலுவலரின் அறைக்குள் உங்களையும் சேர்த்து ஐந்து பேர், 100 மீட்டருக்குள் மூன்று வண்டி. டெபாசிட் ரொக்கமாகவோ கருவூலச் சலானாகவோ இருக்க வேண்டும், காசோலை செல்லாது. சில்லறை மூட்டையோடு போனால் மறுநாள் பேப்பரில் படம் வரும். எண்ணி முடிக்கும்வரை உங்கள் நேரமும் போகும்.

மனு படிவம் 2பி. புகைப்படம் 2 சென்டிமீட்டருக்கு 2.5 சென்டிமீட்டர், மூன்று மாதத்துக்குள் எடுத்தது, வெள்ளைப் பின்னணி, தொப்பியோ கறுப்புக் கண்ணாடியோ கூடாது. இந்தப் படம்தான் வாக்குப்பதிவு இயந்திரத்தில் வரும் என்பதால் நோட்டீஸிலும் இதையே போடுங்கள். உங்கள் பெயரிலேயே இன்னொருவரை நிறுத்தினால் முகம்தான் காப்பாற்றும்.

மனு கொடுத்த கையோடு அங்கேயே உறுதிமொழி எடுத்துவிடுங்கள். பரிசீலனை நாளுக்கு முந்தைய நாளுக்குள் எடுக்காவிட்டால், மற்றதெல்லாம் சரியாக இருந்தும் மனு போய்விடும். எந்தெந்தக் காகிதம் வந்தது, எது பாக்கி என்று அலுவலர் குறித்துத் தரும் சரிபார்ப்புப் பட்டியலை வாங்காமல் வெளியே வராதீர்கள். கடைசி நாளுக்குக் காத்திருந்தால் பாக்கியைச் சரிசெய்ய நேரம் இருக்காது. முதல் இரண்டு மூன்று நாட்களுக்குள் கொடுங்கள்.

சின்னமும் 13 நாளும்

மனுவிலேயே மூன்று சின்னங்களை விருப்ப வரிசையில் எழுத வேண்டும். கைக்கடக்கமாகத் தூக்கிக் காட்டக்கூடியது, பாட்டியும் ஒரே வார்த்தையில் சொல்லக்கூடியது, கறுப்பு வெள்ளையில் சிறிதாக அச்சிட்டாலும் தெரிவது எதுவோ அதை எழுதுங்கள். ஒன்றையே இருவர் கேட்டால் குலுக்கல். அதனால் மூன்றாவது விருப்பத்தையும் அக்கறையோடு தேர்ந்தெடுங்கள். நோட்டீஸை முன்பே வடிவமைத்து, சின்னத்துக்கு மட்டும் இடம் விட்டு வைத்தால், ஒதுக்கீடு ஆன இரவே அச்சுக்குப் போகும். அச்சிட்டவர், வெளியிட்டவர் இருவரின் பெயரும் முகவரியும் இல்லாத நோட்டீஸுக்கு ஆறு மாதம் வரை சிறையோ அபராதமோ கிடைக்கலாம்.

வாக்குச்சீட்டில் அங்கீகாரம் பெற்ற கட்சிகள் முதலிலும், மற்றப் பதிவு பெற்ற கட்சிகள் அடுத்தும், சுயேச்சைகள் கடைசியிலும் வருவார்கள். ஒவ்வொரு பிரிவுக்குள்ளும் அகர வரிசை. ஓர் இயந்திரத்தில் 16 இடம்தான். 2021இல் கரூரில் 77 வேட்பாளர்கள், ஐந்து இயந்திரங்கள். அப்படிப்பட்ட தொகுதியில் சின்னத்தோடு 'மூணாவது மெஷின், அஞ்சாவது பட்டன்' என்பதையும் சேர்த்துச் சொல்லிப் பழக்குங்கள்.

2021இல் ஒரு தொகுதியில் சராசரியாக இரண்டரை லட்சத்துக்கு மேல் ஓட்டு இருந்தது. 300 பூத் இருந்தால் ஒரு நாளைக்கு 23 பூத். எல்லா ஊருக்கும் போக நினைத்தால் எங்கும் நிற்க முடியாது. ஆள் பலம் உள்ள 80, 100 பூத்துகளைத் தேர்ந்து, அங்கே இரண்டு முறை போவது நல்லது. காட்டு வேலைக்கும் நூறு நாள் வேலைக்கும் கிளம்புவதற்கு முன், காலை ஆறரை முதல் எட்டரை வரை ஒரு சுற்று. வெயில் தாழ்ந்த பின் ஒரு சுற்று. நடுவில் வாரச் சந்தை, பேருந்து நிலையம். ஒலிபெருக்கி இரவு 10 முதல் காலை 6 வரை கூடாது. வண்டி அனுமதிச் சீட்டின் அசலைக் கண்ணாடியில் ஒட்டுங்கள், நகல் ஒட்டினால் பறக்கும் படை நிறுத்தும்.

ஆரத்தி எடுத்தால் தட்டில் பணம் போடாதீர்கள். ஊர் மரியாதை என்று நினைத்துப் போடுவதை வீடியோ குழு லஞ்சமாகத்தான் பதிவு செய்யும். ஆரத்தி வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லி அனுப்புங்கள்.

பூத் ஏஜென்ட்

எல்லாப் பூத்துக்கும் ஆள் கிடைக்காது. நீங்கள் தேர்ந்த பூத்துகளுக்காவது படிவம் 10 கொடுத்து நியமியுங்கள். ஓட்டுப்பதிவுக்கு ஒன்றரை மணி நேரம் முன்பு நடக்கும் மாதிரி வாக்குப்பதிவில் அவர் இருக்க வேண்டும். மாலையில், அந்தப் பூத்தில் பதிவான ஓட்டுக் கணக்கு உள்ள 17சி படிவத்தின் நகலை வாங்காமல் கிளம்பக் கூடாது. எண்ணிக்கை நாளில் ஒப்பிட்டுப் பார்க்க உங்களிடம் இருப்பது அது ஒன்றுதான்.

கணக்கு

செலவு உச்சவரம்பு 2022 முதல் 40 லட்சம். சுயேச்சை அதைத் தாண்டி மாட்டிக்கொள்வது அபூர்வம், கணக்கே கொடுக்காமல் மாட்டுவதுதான் அதிகம். மனுத்தாக்கல் நாள் முதல் முடிவு அறிவிக்கும் நாள் வரை எல்லாச் செலவும் பதிவேட்டில் ஏற வேண்டும். நண்பர் இலவசமாகக் கொடுத்த ஆட்டோவுக்கும், டீக்கும் பொட்டலச் சோற்றுக்கும் மாவட்டத் தேர்தல் அலுவலகத்தின் விலைப் பட்டியல்படி தொகை போடுங்கள். அவர்களும் தனியாக ஒரு நிழல் பதிவேடு வைத்திருப்பார்கள். ஒருவருக்கு மொத்தத் தேர்தலிலும் 10,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுக்கக் கூடாது, வாங்கவும் கூடாது. பிரசாரக் காலத்தில் மூன்று முறை பதிவேட்டை ஆய்வுக்குக் கொண்டுபோக வேண்டும்.

முடிவு வந்த 30 நாளுக்குள் மாவட்டத் தேர்தல் அலுவலரிடம் கணக்கை ஒப்படைக்க வேண்டும். நூறு ஓட்டு வாங்கித் தோற்றவருக்கும் இது பொருந்தும். சரியான காரணமில்லாமல் தவறினால் மூன்று ஆண்டு தேர்தலில் நிற்கத் தடை. ஒப்புகைச் சீட்டை வாங்கிப் பத்திரப்படுத்துங்கள். டெபாசிட் திரும்ப வேண்டுமானால் செல்லுபடியான ஓட்டில் ஆறில் ஒரு பங்குக்கு மேல் வாங்கியிருக்க வேண்டும், நோட்டா அந்தக் கூட்டலில் சேராது. 1,80,000 செல்லுபடியான ஓட்டு என்றால் 30,000 போதாது, 30,001 வேண்டும்.