திருவிருந்துக்கு முன் வரும் பயம்: எங்கே தவறுகிறோம்?

இயேசுவின் மரணத்தை நினைத்து அப்பமும் திராட்சரசமும் எடுக்கும் திருவிருந்து நாளில், பிரசங்கம் முடிந்ததும் மெல்ல எழுந்து வெளியே போகிறவர்கள் பல சபைகளில் உண்டு. கேட்டால், "இந்த வாரம் வீட்டில் சண்டை, எடுக்க எனக்குத் தகுதியில்லை, ஆக்கினை வந்துவிடும்" என்பார்கள். வருடக்கணக்கில் எடுக்காமலே இருப்பவர்களும் உண்டு. கர்த்தருக்குப் பயந்துதான் விலகுகிறார்கள் என்பதால் அவர்களைக் குறைவாக நினைக்கக் கூடாது. ஆனால் கொரிந்து சபைக்குப் பவுல் எழுதிய 1 கொரிந்தியர் 11-ஆம் அதிகாரத்தில், அபாத்திரமாய்ப் புசித்துக் குடிப்பவன் தன்மேல் ஆக்கினையை, அதாவது தண்டனைத் தீர்ப்பை, வரவழைக்கிறான் என்னும் 29-ஆம் வசனத்தை மட்டும் பிடித்துக்கொண்டதால் வந்த பயம் இது.

அதற்கு முந்தின வசனம், மனுஷன் தன்னைச் சோதித்தறிந்து "இந்த அப்பத்தில் புசித்து, இந்தப் பாத்திரத்தில் பானம்பண்ணக்கடவன்" என்கிறது. சோதித்தறிந்து வீட்டுக்குப் போகட்டும் என்று பவுல் எழுதவில்லை. சோதனை பந்தியில் போய் முடிய வேண்டும். சரி, ஆக்கினை வரும் அளவுக்குக் கொரிந்துவில் நடந்த குற்றம் என்ன? 20 முதல் 22 வரை வாசித்தால் தெரியும். வசதியுள்ளவர்கள் முந்திக்கொண்டு சாப்பிட்டார்கள், சிலர் வெறிக்கும் அளவுக்குக் குடித்தார்கள். இல்லாதவர்கள் பசியோடு வெட்கப்பட்டு நின்றார்கள். பவுல் சொன்ன பரிகாரமும் அதற்கு ஏற்றதுதான்: "ஒருவருக்காக ஒருவர் காத்திருங்கள்" (33). தேவன் அங்கே நியாயந்தீர்த்தது மனதில் வந்துபோன கெட்ட எண்ணத்தை அல்ல, கர்த்தருடைய பந்தியிலேயே ஏழையை அவமானப்படுத்தியதை.

நம் ஊர்ச் சபைகளின் சரித்திரத்தை அறிந்தவர்களுக்கு இது சுருக்கென்று தைக்கும். ஆலயத்தில் சாதிக்கு ஓர் இடம், திருவிருந்துக்கு வருவதிலும் முன் பின் என்று இருந்த காலத்தில், 1833-ல் கல்கத்தா பேராயர் டேனியல் வில்சன் அதை உடனே கைவிடச் சொல்லிக் கடிதம் அனுப்பினார். சென்னை வேப்பேரியிலும் தஞ்சாவூரிலும் ஏராளமானோர் அதற்கு இணங்காமல் சபையை விட்டே விலகினார்கள். கொரிந்தியர் 11 யாரைப் பார்த்துப் பேசுகிறதோ, அவர்கள் அதைத் தங்களுக்கு எழுதியதாக எண்ணவில்லை. இன்றும் முந்தின இரவு ஜெபிக்கத் தவறியவர் நடுங்கி விலகுகிறார்; சாதி பார்த்துக் கல்லறைத் தோட்டம் பிரிப்பவர் நிம்மதியாக முழங்கால்படியிடுகிறார். பயம் வர வேண்டிய இடத்தில் வரவில்லை.

இதற்கு எதிர்ப்புறத் தவறும் ஒன்று உண்டு. "தேவபயம் என்றால் மரியாதைதான், பயப்பட எதுவுமில்லை" என்று இதமாகச் சொல்லி முடித்துவிடுவது. வேதம் அப்படிச் சொல்லவில்லை. பட்சபாதமில்லாமல் அவனவன் கிரியைகளின்படி நியாயந்தீர்க்கிறவரையே நீங்கள் பிதாவாகத் தொழுகிறீர்கள், ஆகவே பயத்துடனே நடந்துகொள்ளுங்கள் என்கிறது 1 பேதுரு 1:17. பிதாவும் அவரே, நியாயாதிபதியும் அவரே. சீனாய் மலையடியில் மோசே "பயப்படாதிருங்கள்" என்று தொடங்கி, நீங்கள் பாவம் செய்யாதபடிக்கு அவரைப் பற்றும் பயம் உங்கள்முன் இருக்கவே தேவன் எழுந்தருளினார் என்று அதே வசனத்தில் முடிக்கிறார் (யாத்திராகமம் 20:20). ஓடி ஒளியச் செய்யும் பயம் வேண்டாம், பாவத்தை விட்டு விலக்கும் பயம் வேண்டும். "உமக்குப் பயப்படும்படிக்கு உம்மிடத்தில் மன்னிப்பு உண்டு" என்று சங்கீதம் 130 பாடுவதும் இதனால்தான். மன்னிப்பைப் பெற்றவனுக்குத்தான் இந்தப் பயம் பிறக்கிறது.

அடுத்தவருக்கு வந்த நோயையோ சாவையோ தேவனுடைய தீர்ப்பு என்று சொல்வது இன்னொரு தவறு. 2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை, ஆழிப்பேரலை வேளாங்கண்ணிக்கு வந்திருந்த யாத்திரிகர்களையும் கொண்டுபோனது. அவர்கள் பாவத்துக்குக் கூலி என்று பேசத் துணிந்தவர்கள் லூக்கா 13-ஐத் திறந்து பார்த்திருக்கலாம். சீலோவாம் கோபுரம் விழுந்து செத்த 18 பேர் எருசலேமில் எல்லாரிலும் பெரிய குற்றவாளிகளோ என்று இயேசுவே கேட்டு, அப்படியல்ல என்கிறார். அடுத்த மூச்சிலேயே கேட்டுக்கொண்டிருந்தவர்களை மனந்திரும்பச் சொல்கிறார். மருத்துவமனைக் கட்டிலருகே நிற்கும்போது, "உங்கள் வாழ்க்கையில் ஏதாவது மறைத்த பாவம் இருக்கிறதா?" என்று கேட்காதீர்கள். அவராகச் சொன்னால் கேளுங்கள்.

பரிசுத்த ஆவியைத் தூஷிப்பதாகிய மன்னிக்கப்படாத பாவத்தைச் செய்துவிட்டோமோ என்று தூக்கமிழப்பவர்களிடம் மாற்கு 3:22-30-ஐ முழுதாக வாசித்துக் காட்ட வேண்டும். எருசலேமிலிருந்து வந்த வேதபாரகர் (யூத வேத அறிஞர்கள்) கண்முன் இயேசு செய்த நன்மையைப் பிசாசின் வேலை என்றார்கள், அதற்காகத் துளியும் கலங்கவில்லை. கலங்கி அழுகிறவர் நிற்கும் இடம் வேறு. அருவருப்பான எண்ணம் விடாமல் வருகிறது, ஒரே பாவத்தைப் பத்து முறை அறிக்கையிட்டும் அடங்கவில்லை என்றால், போதகரோடு மனநல மருத்துவரையும் பார்க்கச் சொல்லுங்கள். வேண்டாத எண்ணம் விடாமல் துரத்தும் ஓசிடி என்னும் நோய் பக்தியின் உருவிலும் வரும், அதற்குச் சிகிச்சை உண்டு.

அப்படியானால் பந்திக்கு முன் எதைச் சோதிப்பது? சனிக்கிழமை இரவுக்கு விடாமல் வாரத் தொடக்கத்திலேயே மனிதர்களிடமிருந்து ஆரம்பியுங்கள். மத்தேயு 5:23 கேட்பது உங்களுக்கு யார்மேல் குறை என்று அல்ல, யாருக்கு உங்கள்மேல் குறை என்று. கொடுக்காமல் வைத்திருக்கும் கூலி, திருப்பாத கைமாற்று, எல்லை தாண்டிப் போட்ட வேலி, பரப்பிய பேச்சு. பணம் என்றால் லேவியராகமம் 6:5 கணக்கே சொல்லியிருக்கிறது: முதலோடு ஐந்தில் ஒரு பங்கு கூட்டிக் கொடுக்க வேண்டும். பத்தாயிரத்தை ஏமாற்றியிருந்தால் பன்னிரண்டாயிரம். பழைய ஏற்பாட்டின் பலிமுறை இன்று நமக்கு இல்லை; ஆனாலும் பிடுங்கியதைக் கையில் வைத்துக்கொண்டு கேட்கும் மன்னிப்பு எப்படிப்பட்டது என்பதை இந்தச் சட்டம் காட்டிவிடுகிறது. பேச்சால் கெடுத்திருந்தால் யாரிடம் பேசினீர்களோ அவர்களிடமே போய்த் திருத்துங்கள்.

போய்ப் பேசியும் அவர் சமாதானமாகவில்லை என்றால்? "உங்களாலானமட்டும்" என்று ரோமர் 12:18 எல்லை போட்டிருக்கிறது. செய்ய வேண்டியதைச் செய்துவிட்டுப் பந்திக்கு வாருங்கள். அடிக்கிற புருஷனோடு சேர்ந்து வாழாததால் தனக்குத் தகுதியில்லை என்று ஒதுங்கி நிற்கும் பெண்ணுக்கு, சோதித்தறிதல் என்பது அவன் வீட்டுக்குத் திரும்பிப் போவதல்ல என்று போதகர் வாய்திறந்து சொல்லி, அவரைப் பந்திக்கு அழைக்க வேண்டும்.