படத்துக்குள் வெளிச்சம்

மட்டக்களப்பின் கல்லடிப் பாலத்தடியில் காலை வாவி மினுங்குவதை அரூப ஓவியத்தில் கொண்டுவர வேண்டுமென்றால் வெள்ளையை மேலே பூசாதீர்கள். அது அடியில் இருக்கட்டும். அதன் மேல் அக்ரிலிக் மீடியத்தில் (காய்ந்தால் தெளிவாகும், நிறமி சேராத அக்ரிலிக் கலவை) துளி வண்ணம் கலந்து, மெல்லிய படலங்களாக ஏற்றுங்கள். இடையிடையே டிஷ்யூ தாளும் ஒட்டலாம். வெளிச்சம் எல்லாப் படலங்களையும் கடந்து, அடி வெள்ளையில் பட்டுத் திரும்பும். ஒளிர்வு அங்கிருந்துதான் வருகிறது. ஒவ்வொரு படலமும் நன்றாகக் காய வேண்டும், மார்கழி மழையில் இன்னும் பொறுமையாக. மீடியத்துக்குப் பதிலாகப் பைண்டர் கம் எனும் வெள்ளைப் பசையைப் பூசினால், அந்த ஈரத்தில் அது மறுபடி வெண்மை தட்டும், அந்தப் பசையைத் தவிர்ப்பதே நல்லது.

அப்புறம், மங்கிப்போவதையே படத்தின் பொருளாக்க விரும்பினால், ஒரு தாளைச் சமையல் மஞ்சள் கரைத்த நீரில் தோய்த்து ஒட்டி, பாதியை அட்டையால் மறைத்து யன்னலோரம் வையுங்கள். வெயில் பட்ட பாதி சீக்கிரமே வெளிறிவிடும்.