பில்டரிடமிருந்து அபார்ட்மெண்டைப் பொறுப்பேற்பது எப்படி?

சென்னைப் பக்கம் புது அபார்ட்மெண்டில் ஆட்கள் குடியேறிச் சில காலம் ஆனதும் பில்டரிடமிருந்து கடிதம் வரும்: இனி பராமரிப்பு உங்கள் பொறுப்பு. கூடவே, எல்லாவற்றையும் சரியாகப் பெற்றுக்கொண்டோம் என்று ஒரு தாள். அதில் கையெழுத்துப் போடுவது கடைசி வேலை.

1. சங்கத்தைப் பதிவு செய்யுங்கள்

வீட்டு உரிமையாளர்களின் வாட்ஸ்அப் குழு சங்கம் ஆகாது. 2022 அடுக்குமாடிக் குடியிருப்புச் சட்டத்துக்குப் பிறகு நடைமுறை மாறியிருக்கிறது. மாவட்டப் பதிவாளர் அலுவலகத்தில் கேட்டுவிட்டு ஆரம்பியுங்கள். பதிவானதும் சங்கத்தின் பெயரில் பான், வங்கிக் கணக்கு.

2. காகிதங்களைக் கேளுங்கள்

நிறைவுச் சான்றிதழ் வந்த 30 நாளுக்குள் ஆவணங்களை ஒப்படைக்க வேண்டும் என்கிறது 2016 ரெரா (ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை) சட்டம். அங்கீகரித்த வரைபடம், குழாய், வயரிங் வரைபடங்கள், லிஃப்ட் லைசென்ஸ், தீயணைப்புத் துறைச் சான்று, கழிவுநீர் நிலையத்துக்கான மாசுக் கட்டுப்பாட்டு வாரிய அனுமதி, வாரண்டி அட்டைகள். வரைபடத்தில் பூங்காவைப் பாருங்கள். அது ஓ.எஸ்.ஆர். (திறந்தவெளி ஒதுக்கீடு) நிலமாக உள்ளாட்சிக்குத் தானமாகக் கொடுத்ததாக இருந்தால் உங்களுடையது அல்ல.

3. ஓட்டிப் பாருங்கள்

இதற்குத்தான் நேரம் ஒதுக்க வேண்டும். பில்டருக்குச் சம்பந்தமில்லாத ஒரு இன்ஜினியரைச் சம்பளம் கொடுத்து அழையுங்கள். அந்தச் செலவைப் பார்க்காதீர்கள். மெயினை அணைத்துவிட்டு லிஃப்ட், மோட்டார் எல்லாவற்றையும் ஜெனரேட்டரில் ஓட்டச் சொல்லுங்கள். மேல் மாடித் தீயணைப்புக் குழாயைத் திறந்து தண்ணீர் வேகமாக வருகிறதா என்று பாருங்கள். கழிவுநீர் நிலையம் உண்மையில் ஓடுகிறதா, அல்லது லாரியில் அள்ளிப் போகிறார்களா? முடிந்தால் ஐப்பசி, கார்த்திகை மழையில் மொட்டை மாடியையும் தரைக்கீழ் பார்க்கிங்கையும் பார்த்துவிடுங்கள். ஒவ்வொரு குறைக்கும் போட்டோ, தேதி.

கட்டுமானக் குறைகளை 5 ஆண்டு வரை பில்டர் இலவசமாகச் சரிசெய்ய வேண்டும். நீங்கள் குறையைச் சொன்னதிலிருந்து 30 நாளுக்குள். ஆனால் இந்த 5 ஆண்டு வீட்டின் சாவி கைக்கு வந்த நாளிலிருந்து ஓடுகிறது, சங்கம் பொறுப்பேற்ற நாளிலிருந்து அல்ல. இதைத் தெரியாமல் காலத்தைக் கோட்டை விடுபவர்கள் நிறைய.

4. கணக்கை முடியுங்கள்

எல்லோரும் கட்டிய கார்பஸ் ஃபண்டை, அதாவது பிற்காலப் பெரிய செலவுகளுக்கான பொது நிதியை, கூட்டிப் பாருங்கள். வட்டியோடு சங்கத்தின் கணக்குக்கு வர வேண்டும். பராமரிப்புச் செலவில் கழித்துவிட்டோம் என்றால் பில்லோடு தணிக்கைக் கணக்கு கேளுங்கள். பொது ஈ.பி. இணைப்பில் பாக்கி இருக்கிறதா? விற்காத வீடுகளுக்குப் பில்டர் மாதத் தொகை கட்டுவதாக எழுத்தில் வாங்கிவிடுங்கள்.

5. அப்புறம் கையெழுத்து

பில்டர் தரும் தாளில் அல்ல, நீங்கள் தயாரித்ததில். இன்னின்னவை பெற்றோம், இன்னின்னவை நிலுவை, இந்தத் தேதிக்குள் முடிக்க வேண்டும் என்று இரண்டு பட்டியல். தேதி தாண்டினால் வக்கீல் நோட்டீஸ். அதற்கும் அசையாவிட்டால் சங்கத்தின் பெயரிலேயே தமிழ்நாடு ரெரா ஆணையத்தில் புகார் கொடுக்கலாம்.