நாய், பூனைக்குப் பல் துலக்கும்போது நாம் செய்யும் தவறுகள்

பிரஷ் வாங்கியாகிவிட்டது, பேஸ்ட்டும் வாங்கியாகிவிட்டது. அன்று மாலையே நாயைக் கால்களுக்கு நடுவே இறுக்கிப் பிடித்து, வாயைப் பிளந்து, பல் முழுவதையும் தேய்த்துவிட வேண்டும் என்று இறங்குகிறோம். நாய் திமிறுகிறது. பூனையாக இருந்தால் கையில் நாலு கீறல். மூன்றாவது நாள் பிரஷ் அலமாரிக்குள் போய்விடுகிறது, "எங்க வீட்டுப் பிள்ளைக்கு இது சரிப்படாது" என்று நாமும் விட்டுவிடுகிறோம்.

எங்கள் முதல் நாயிடம் நான் செய்ததும் இதுதான். அதற்குப் பிறகு பேஸ்ட் மூடியைத் திருகும் சத்தம் கேட்டாலே அது கட்டிலுக்கு அடியில் போய்ப் படுத்துக்கொள்ளும். அந்தப் பயத்தைப் போக்க எனக்கு ஏறக்குறைய மூன்று மாதம் பிடித்தது. பல் துலக்குவதில் நடக்கும் தவறுகளில் மிகப் பெரியது எது என்று கேட்டால், அவசரம் என்றுதான் சொல்வேன். மற்ற தவறுகளைத் திருத்துவது எளிது. ஒரு விலங்கு பிரஷ்ஷைக் கண்டு பயந்துவிட்டால் எல்லாவற்றையும் முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

சரி, இவ்வளவு பாடுபட்டு ஏன் துலக்க வேண்டும்? பல்லின் மேல் கிருமிகள் சேர்ந்து வழுவழுப்பான ஒரு படலம் படிகிறது. இன்று துடைத்தாலும் 24 மணி நேரத்துக்குள் மறுபடி படிந்துவிடும். அதை அப்படியே விட்டால் எச்சிலில் இருக்கும் கால்சியம் போன்ற தாதுக்கள் அதில் ஏறி, இரண்டு மூன்று நாளில் கெட்டியான காரையாகிவிடுகிறது. படலத்தைப் பிரஷ் எடுத்துவிடும், காரையை எந்தப் பிரஷ்ஷாலும் எடுக்க முடியாது. வாரத்துக்கு ஒரு நாள், குளிப்பாட்டும்போது சேர்த்துத் துலக்கிவிடலாம் என்று நினைப்பவர்கள் ஏமாறுவது இங்கேதான். அந்த ஏழு நாளில் படலம் இறுகிக் காரையாகிவிட்டது, நாம் அதற்கு மேல் தேய்த்துக்கொண்டிருக்கிறோம். தினமும் துலக்குவதுதான் சரி. முடியாதவர்கள் ஒரு நாள் விட்டு ஒரு நாளாவது செய்ய வேண்டும்.

இந்தப் படலம் ஈறுக்குக் கீழே இறங்கும்போதுதான் உண்மையான சேதம் தொடங்குகிறது. ஈறு வீங்கும், பல்லைப் பிடித்திருக்கும் எலும்பு கரையும், பிறகு பல் ஆடும். நாய்க்கும் பூனைக்கும் நம்மைப் போலச் சொத்தைப் பல் அதிகம் வருவதில்லை. அவற்றின் பல்லைப் பறிப்பது பெரும்பாலும் ஈறு நோய்தான். மூன்று வயதுக்குள்ளேயே பெரும்பாலான நாய் பூனைகளுக்கு இது ஏதோ ஓர் அளவில் தொடங்கிவிடுகிறது. ஆகவே, பல் வெள்ளையாக மின்னுகிறது என்பதை வைத்துத் திருப்திப்பட வேண்டாம். பல்லும் ஈறும் சேரும் கோடு எப்படி இருக்கிறது என்று பாருங்கள். அந்தக் கோடு சிவந்திருந்தால் பல் வெள்ளையாக இருந்தும் பயனில்லை.

தேய்க்கிற இடத்தையே பலர் தவறாகத் தேர்ந்தெடுக்கிறார்கள். முன்பற்களும் கோரைப் பற்களும் கண்ணுக்கு எதிரே இருக்கின்றன, கைக்கும் எட்டுகின்றன. அங்கேயே தேய்த்துவிட்டு முடித்துவிடுகிறோம். காரை மிக அதிகமாகச் சேருவது மேல்தாடையின் பின்பக்கம், கன்னத்தை ஒட்டியிருக்கும் பெரிய பற்களில். எச்சில் சுரப்பியின் குழாய் அந்தப் பற்களுக்கு அருகில்தான் கன்னத்துக்குள் திறக்கிறது. தாதுக்கள் நிறைந்த எச்சில் நேராக அங்கே போய்ச் சேருகிறது. உங்களுக்குக் கிடைப்பது பத்து விநாடிதான் என்றால் அந்தப் பத்து விநாடியையும் அங்கே செலவிடுங்கள். பல்லின் வெளிப்பக்கம் போதும். உட்பக்கத்தை நாக்கே ஓரளவு துடைத்துக்கொள்கிறது.

இதில் ஒரு நல்ல செய்தியும் இருக்கிறது: வாயைத் திறக்கவே வேண்டாம். வாய் மூடியபடியே இருக்கட்டும். உதட்டின் ஓரத்தை விரலால் மெல்லத் தூக்கி, பிரஷ்ஷை உள்ளே நுழைத்து, ஈறுக்கோட்டை நோக்கி 45 பாகை சாய்த்து, சின்னச் சின்ன வட்டமாகத் தேய்த்தால் ஆயிற்று. அழுத்தமும் வேண்டாம். ஒரு பக்கத்துக்கு அரை நிமிடம் தாராளம்.

பேஸ்ட் விஷயத்தில் மட்டும் எந்தச் சலுகையும் கூடாது. நாம் பயன்படுத்தும் பேஸ்ட் வேண்டவே வேண்டாம், கடுகளவுகூட. நமக்கு வாய் கொப்பளித்துத் துப்பத் தெரியும், அவற்றுக்குத் தெரியாது. வாயில் போன எல்லாமே வயிற்றுக்குள் போகும். நம் பேஸ்ட்டில் இருக்கும் ஃபுளூரைடும் நுரை வருவதற்காகச் சேர்க்கும் பொருளும் வயிற்றைக் கெடுக்கும். அதைவிட ஆபத்து, இனிப்புக்காகச் சில பேஸ்ட்டுகளில் சேர்க்கும் சைலிட்டால். நாயின் உடம்பு அதைச் சர்க்கரை என்று எண்ணி இன்சுலினைக் கொட்டிவிடும். அரை மணி நேரத்திலேயேகூட ரத்தச் சர்க்கரை அபாயமாக இறங்கிவிடலாம். தள்ளாட்டம், வாந்தி, வலிப்பு என்று போகும். அளவு கூடினால் கல்லீரலே செயலிழக்கும். குழந்தைகளுக்கான பேஸ்ட் மென்மையானது, அதனால் பரவாயில்லை என்று நினைப்பவர்கள் உண்டு. அதிலும் சைலிட்டால் இருக்கலாம். நாய் அப்படி ஒரு பேஸ்ட்டைத் தின்றுவிட்டது தெரிந்தால், அறிகுறி வருகிறதா என்று காத்திருக்காதீர்கள். உறையையும் கையில் எடுத்துக்கொண்டு உடனே கால்நடை மருத்துவரிடம் ஓடுங்கள்.

இயற்கைப் பொருள் என்றால் தீங்கு செய்யாது என்ற நம்பிக்கையும் இதே அளவுக்கு ஆபத்தானது. கிராம்பு எண்ணெய் நமக்குப் பல்வலி மருந்து, பூனைக்கு விஷம். அத்தகைய எண்ணெய்களில் இருக்கும் சேர்மங்களை முறித்து வெளியேற்றும் திறன் பூனையின் கல்லீரலுக்கு மிகக் குறைவு. டீ ட்ரீ எண்ணெயை நாய், பூனை இரண்டுக்குமே பக்கத்தில் கொண்டுபோகக் கூடாது. சமையல் சோடாவில் சோடியம் மிக அதிகம், சுவையும் பிடிக்காது. ஹைட்ரஜன் பெராக்சைடு வயிற்றுக்குள் போனால் வாந்தி வரும், வயிறு புண்ணாகும். விலங்குகளுக்கென்றே செய்த பேஸ்ட் கிடைக்கவில்லையா? வெறும் தண்ணீரில் நனைத்த பிரஷ் போதும். படலத்தை எடுப்பது முக்கியமாகப் பிரஷ்ஷின் உரசல்தான். பேஸ்ட்டின் பெரிய உதவி, அதன் இறைச்சிச் சுவைக்காக விலங்கு வாயைக் கொடுக்கிறது என்பது. அப்புறம், பேஸ்ட்டைப் பிரஷ்ஷின் மேல் குவித்து வைக்காமல் அதன் இழைகளுக்குள் அழுத்திவிடுங்கள். இல்லையென்றால் பல்லைத் தொடுவதற்கு முன்னால் ஒரே நக்கில் காலியாகிவிடும்.

பிரஷ்ஷைப் பொறுத்தவரை, குழந்தைகளுக்கான மிக மென்மையான பிரஷ்ஷே பெரும்பாலான நாய்களுக்குப் போதும். பூனைக்கு இன்னும் சிறிய தலை வேண்டும். விரலில் மாட்டும் ரப்பர் பிரஷ்ஷைப் பழக்குவதற்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். ஈறின் ஓரத்துக்குள் அது சரியாகப் போகாது. கடித்தால் விரலுக்கும் ஆபத்து, பிய்த்து விழுங்கினால் குடலுக்கும் ஆபத்து. ஒவ்வொரு விலங்குக்கும் தனிப் பிரஷ் இருக்கட்டும்.

இப்போது பழக்குவதற்கு வருகிறேன். இதில் நான் கற்றுக்கொண்டது, ஒவ்வொரு படியையும் அது கேலிக்குரியதோ என்று தோன்றும் அளவுக்குச் சிறிதாக்க வேண்டும் என்பதுதான். முதல் சில நாட்கள் பேஸ்ட்டை விரலில் நக்கக் கொடுங்கள், அவ்வளவுதான். பிறகு கன்னத்தைத் தடவிக்கொண்டே உதட்டை ஒரு விநாடி தூக்கிப் பார்த்துவிட்டு விட்டுவிடுங்கள். அதை அலட்சியமாக ஏற்கத் தொடங்கியதும் விரலால் ஈறைத் தடவலாம். பிறகுதான் பிரஷ், அதுவும் ஒரு பல், இரண்டு பல். ஒவ்வொரு முறையும் முடிந்ததும் அதற்குப் பிடித்த ஏதாவது ஒன்று உடனே கிடைக்க வேண்டும். விலங்கு முகத்தைத் திருப்பிய பிறகு நிறுத்துவதைவிட, திருப்புவதற்கு முன்னாலேயே நிறுத்திவிடுவது நல்லது. நாய் உதட்டை நக்கிக்கொள்வது, கொட்டாவி விடுவது, கண்ணின் வெள்ளை தெரியப் பார்ப்பது, பூனையின் காது பின்னால் படிவது, வால் நுனி அடித்துக்கொள்வது, இவையெல்லாம் "போதும்" என்று அவை சொல்லும் சொற்கள். அதைக் கேட்காமல் போனால்தான் உறுமலும் கடியும் வரும். முழு வாயையும் துலக்கும் நிலைக்கு வரச் சில வாரம் ஆகலாம். பூனைக்கு அதைவிட அதிகம் ஆகலாம். ஆகட்டும்.

பூனைக்கு நேர் எதிரே உட்கார்ந்து கையை நீட்டாதீர்கள். அது மிரட்டல்போல இருக்கும். இரண்டு பேரும் ஒரே திசையைப் பார்க்கும்படி பக்கவாட்டில் உட்காருங்கள், பின்னாலிருந்து கை வரட்டும். அது தூங்கி வழியும் நேரம், அல்லது சாப்பாட்டுக்குச் சற்று முன்பு கொஞ்சம் பசியோடு இருக்கும் நேரம், எது ஒத்துவருகிறதோ அதையே தினமும் வைத்துக்கொள்ளுங்கள். நேரமும் இடமும் மாறாமல் இருப்பது பூனைக்குப் பெரிய ஆறுதல்.

இன்னொரு தவறு என் மனதை மிகவும் வருத்துவது. ஏற்கெனவே வலிக்கிற வாயில் பிரஷ்ஷை வைப்பது. பூனைகளுக்குப் பல் கரைந்துபோகும் ஒரு நோய் பரவலாக இருக்கிறது. ஈறின் ஓரத்தில் பல் அரித்து நரம்பு வெளியே வந்துவிடும். அதைத் தொட்டால் தாடை வெடவெடவென்று நடுங்கும். அந்தப் பூனை பிடிவாதம் பிடிப்பதாக நினைத்து நாம் இன்னும் இறுக்கிப் பிடிக்கிறோம். வாய் நாற்றம், எச்சில் ஒழுகுதல், ஒரு பக்கமாகவே மெல்லுதல், வாயில் எடுத்த உணவைக் கீழே போடுதல், காலால் முகத்தைத் தேய்த்தல், இவற்றில் ஒன்று தெரிந்தாலும் பிரஷ்ஷைத் தொடுவதற்கு முன் மருத்துவரிடம் காட்டுங்கள். வாய் நாற்றம் நாய்க்கு இயல்புதானே என்று விட்டுவிட வேண்டாம். சாப்பிடுகிறதே, வலி இருக்காது என்றும் எண்ண வேண்டாம். கடும் வலியோடும் அவை சாப்பிடும்.

முதல் சில நாள் ஈறில் லேசாக ரத்தம் கசிந்தால் பயந்து நிறுத்த வேண்டியதில்லை. ஈறு ஏற்கெனவே சற்று வீங்கியிருக்கும். மென்மையாகத் தொடர்ந்து துலக்கினால் ஓரிரு வாரத்தில் நின்றுவிடும். நிற்கவில்லை என்றாலோ, ரத்தம் அதிகமாக வந்தாலோ அது மருத்துவர் பார்க்க வேண்டிய விஷயம்.

காரையைக் கூரான கருவியால் வீட்டிலேயே சுரண்டுவதையும் விட்டுவிடுங்கள். பல்லின் எனாமலில் கீறல் விழும், அந்தச் சொரசொரப்பில் படலம் முன்பைவிட வேகமாகப் பிடிக்கும். விலங்கு சட்டென்று தலையைத் திருப்பினால் ஈறு கிழியும். மயக்க மருந்து இல்லாமலே பல் சுத்தம் செய்து தருகிறோம் என்பவர்களிடமும் இதே குறைதான். கண்ணுக்குத் தெரியும் பகுதி பளபளப்பாகும், நோய் இருக்கும் ஈறுக்கு அடிப்பகுதி தொடப்படாமலே இருக்கும். விழித்திருக்கும் விலங்கு அங்கே கருவியை விட ஒருபோதும் அனுமதிக்காது. எக்ஸ்ரே எடுத்து வேர்வரை பார்ப்பதற்கும் மயக்கம் தேவை.

கடிக்கக் கொடுக்கும் பொருளே துலக்கிவிடும் என்று நம்பிக் கடினமான எலும்பு, மான் கொம்பு, குளம்பு போன்றவற்றைக் கொடுப்பதும் வேண்டாம். மேல்தாடையின் பெரிய கடைவாய்ப் பல் பிளந்துபோவதற்கு இவை முக்கியக் காரணம். கட்டைவிரல் நகத்தால் அழுத்திப் பாருங்கள், தடம் பதியவில்லை என்றால் அது பல்லுக்குக் கடினம். சாதாரண உலர் உணவும் பல்லைச் சுத்தம் செய்வதில்லை, கடித்ததும் நுனியிலேயே நொறுங்கிவிடுகிறது. பல்லுக்கென்று விற்கும் தீனி வாங்கினால் வெட்டரினரி ஓரல் ஹெல்த் கவுன்சிலின் முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். படலத்தையோ காரையையோ குறைப்பது சோதனையில் தெரிந்த பொருள்களுக்குத்தான் அதைத் தருகிறார்கள்.

குட்டியாக இருக்கும்போதே வாயைத் தொட்டுப் பழக்குவது நல்லது. ஆனால் பால்பல் விழுந்து புதுப் பல் முளைக்கும் மாதங்களில், ஏறக்குறைய மூன்றரை மாதத்திலிருந்து ஆறு ஏழு மாதம் வரை, ஈறு நோகும். அப்போது உதட்டைத் தூக்குவது, பேஸ்ட்டை நக்கக் கொடுப்பது என்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். வளர்ந்த நாய்க்கு 42 பல், பூனைக்கு 30. புதுப் பல் வந்த பிறகும் பக்கத்திலேயே பால்பல் விழாமல் நின்றால் அந்த இடுக்கில் அழுக்கு அடையும், மருத்துவரிடம் சொல்லி எடுத்துவிட வேண்டும். சிறிய இன நாய்களிலும் தட்டை முக நாய்களிலும் பற்கள் நெருக்கியடித்து நிற்பதால் அவற்றுக்கு ஒரு நாள் தவறினாலும் கணக்கு ஏறும். பல் பிடுங்கிய பிறகு, மருத்துவர் சொல்லும் நாள் வரை துலக்கக் கூடாது.

எவ்வளவு பொறுமையாகப் பழக்கியும் பிரஷ்ஷை ஏற்காத பூனை உண்டு. அதற்கு, ஈரமான மெல்லிய துணியை விரலில் சுற்றி, மேல் கன்னப் பற்களின் ஈறோரத்தை ஒரு பக்கம் இன்று, மறுபக்கம் நாளை என்று துடைத்துவிடுங்கள்.