தோக்கியோவில் அண்டை வீட்டுக்கு இனிப்பு வாங்கும் முன்

தோக்கியோவின் நிஷி-கசாய் பக்கம் வீடு எடுத்தவர்கள், குடிபுகுந்த 14 நாட்களுக்குள் வார்டு அலுவலகத்தில் முகவரியைப் பதிவு செய்ய வேண்டும். அதற்கான படிவங்களை அங்குள்ளவர்களே பொறுமையாக விளக்குவார்கள். எனக்கு யாரும் விளக்காதது, அண்டை வீட்டாருக்கு இனிப்பு கொடுக்கும் முறை.

குடிவந்தவர் பக்கத்து வீடு, மேல் வீடு, கீழ் வீடு என்று போய்ச் சிறு பொட்டலம் ஒன்றைக் கொடுத்துத் தம்மை அறிமுகம் செய்துகொள்வது இங்கே பழைய வழக்கம். நான் வந்தது ஏப்ரல் இறுதி. தெருமுனையில் இருந்த வகாஷி (ஜப்பானிய மரபு இனிப்பு) கடையில், மே 5 ஆம் தேதி குழந்தைகள் நாளுக்குரிய கஷிவாமோச்சியை அடுக்கியிருந்தார்கள். அரிசி மாவைப் பிசைந்து வேகவைத்து, அசுகிப் பயற்றின் இனிப்புப் பூரணத்தை உள்ளே வைத்து மடித்து, கஷிவா என்னும் ஓக் மர இலையில் சுற்றிய பண்டம் அது. புதுத் தளிர் வரும்வரை பழைய இலை உதிராத மரம் என்பதால், குடும்பம் வழிவழியாகத் தழைக்க வேண்டும் என்று அந்த இலையில் வைக்கிறார்களாம். இலைக் கொழுக்கட்டையைக் கண்டதுபோல் மனம் நிறைந்து, மே 3 மாலையிலேயே பத்து வாங்கிக் குளிர்பெட்டியில் வைத்தேன். தீபாவளிக்கு மூன்று நாள் முன்பே அதிரசமும் முறுக்கும் செய்து டின்னில் அடைக்கும் வீட்டில் வளர்ந்த எனக்கு அது முன்யோசனையாகத்தான் தோன்றியது.

ஐந்தாம் தேதி காலையில் கீழ் வீட்டுப் பாட்டியிடம் கொடுத்தபோது, அவர் இரு கைகளாலும் வாங்கிக்கொண்டு தலை தாழ்த்தினார். மாடிக்கு வந்து எனக்கென்று வைத்திருந்ததைக் கடித்த பிறகுதான் அது எவ்வளவு இறுகியிருக்கிறது என்று தெரிந்தது. பல் விழுந்த பாட்டிக்குப் போய் அதைக் கொடுத்தோமே என்ற வருத்தம் எனக்கு இன்னும் ஆறவில்லை. இனிப்புப் பெட்டியின் மேல் ஒட்டியிருந்த சிறு சீட்டில் ‘ஹொன்ஜிட்சு’, அதாவது ‘இன்று’ (வாங்கிய அன்றே உண்ண வேண்டும்), என்று தெளிவாக எழுதியிருந்ததை நெடுநாள் இங்கிருக்கும் மதுரை நண்பர்தான் படித்துக் காட்டினார்.

வெந்த அரிசி மாவு ஆற ஆற இறுகும். குளிர்பெட்டியில் இன்னும் விரைவாக இறுகும். பிள்ளையார் சதுர்த்திக் கொழுக்கட்டையின் தோல் மறுநாள் என்ன ஆகும் என்பது நமக்குத் தெரிந்ததுதானே. எனவே அன்றே உண்ண வேண்டிய இத்தகைய இனிப்புகளைக் கொடுக்கும் நாளில் மட்டும் வாங்குங்கள். மிஞ்சியதை இட்லிப் பானையில் சற்று ஆவி காட்டினால் வீட்டில் சாப்பிடலாம், பிறருக்குக் கொடுக்க வேண்டாம். வாங்கும்போது “அஷிதா மதே மோச்சிமாஸ் கா”, நாளை வரை தாங்குமா, என்று கேளுங்கள். உறையிட்ட பண்டங்களில் ‘ஷோஹி கிகென்’ என்றிருந்தால் அந்தத் தேதிக்குப் பின் உண்ணக் கூடாது. ‘ஷோமி கிகென்’ என்பது சுவை குன்றாதிருக்கும் தேதி மட்டுமே. சில நாள் வைத்திருந்து கொடுப்பதானால், சர்க்கரை மிகுந்து காற்றுப் புகாமல் அடைத்த யோகான் என்னும் பயற்று இனிப்புக் கட்டி பல மாதங்கள் தாங்கும்.

சைவ உணவினருக்கு ஒரு செய்தி: கோடைக்கால மிசு-யோகான் (நீர் மிகுந்த மென்மையான யோகான்) கடற்பாசியிலிருந்து எடுக்கும் அகரால் உறையவைப்பது, ஆனால் பயற்றுப் பூரணம் வைத்த அப்பமான தோராயாகியிலும், காஸ்தெரா என்னும் கேக்கிலும் முட்டை உண்டு. கடையிலேயே செய்து உதிரியாக விற்பவற்றில் பெரும்பாலும் சேர்பொருள் பட்டியல் இராது. ‘தமாகோ’ என்று முட்டையைக் குறிப்பிட்டுக் கேட்டுவிடுங்கள். வசந்தகாலச் சகுராமோச்சியைச் சுற்றியிருக்கும் உப்பிட்ட செர்ரி இலையைச் சேர்த்துத் தின்னலாம். கஷிவா இலையைப் பிரித்து எடுத்துவிட வேண்டும்.

அடுத்த ஆண்டு மே 5 அன்று கடை திறந்தவுடன் போய் நான்கு வாங்கி, நேராகக் கீழ் வீட்டுக் கதவைத் தட்டினேன். பாட்டி பெட்டியைத் தொட்டுப் பார்த்துவிட்டு, தேநீர் வைக்கிறேன், உள்ளே வா என்று அழைத்தார்.